நம் வீட்டுத் தீர்க்கதரிசிகள்

தீர்க்கதரிசனம் கேட்க வேண்டும் என்னும் ஆவல் நம் நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே நாளுக்கு நாள் பெருகி வருவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் ஜெபக் கூட்ட விளம்பரங்களிலும், இரவு நெடுநேரம் வரை நடக்கும் தொலைக்காட்சிப் பிரசங்கங்களிலும், வருஷப் பிறப்பன்று கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் நம்மவர் தேடுவது பெரும்பாலும் ஒன்றே: இனி எனக்கு என்ன நடக்கும்? மகளின் விவாகம் கூடிவருமா, மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்குமா, நோய் தீருமா என்று கலங்கும் ஹிருதயத்தை நான் குறை கூறப் போவதில்லை. துன்பத்தில் தவிப்பவன் ஆறுதலைத் தேடுவது மனித சுபாவம், அந்த ஆறுதலைத் தர வல்லவர் கடவுள் என்று நம்புவது விசுவாசம். ஆயினும் வேதாகமத்தின் தீர்க்கதரிசிகளை ஒருவர் பின் ஒருவராக வாசித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். நாளை என்ன நடக்கும் என்று அவர்கள் அறிவித்த இடங்களைவிட, இன்று நீ எப்படிப்பட்டவனாய் இருக்கிறாய் என்று எடுத்துச் சொன்ன இடங்களே மிகுதி. முதலாவதைக் கேட்பதற்கு நம் செவி விழித்திருக்கும் அளவுக்கு இரண்டாவதைக் கேட்பதற்கு விழித்திருக்கிறதா என்பதே என் உள்ளத்தை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி.

நம்மை உள்ளத்தில் மனந்திரும்பச் சொல்லும் குரல் ஒருநாளும் ஓய்ந்ததில்லை என்பது என் திடமான எண்ணம். அது பீடத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நம் வீட்டுச் சமையற்கட்டிலிருந்தும், பள்ளி விட்டுவந்த குழந்தையின் வாயிலிருந்தும், நம்மோடு பிணங்கி நிற்கும் உறவினரிடமிருந்தும், நமக்குக் கீழே சம்பளம் வாங்கும் ஊழியரிடமிருந்தும் அது வருகிறது. அப்படி வருகிறவர் நமக்குப் போதிக்கத் தகுதியுடையவர் என்று நாம் ஒப்புக்கொள்ளாததால், அவருடைய சொல் காதில் விழுந்தும் ஹிருதயத்தில் விழாமல் போகிறது. குரல் இல்லாமையால் அன்று, குரலுக்குரியவரை நாம் மதியாமையால் நமது மனமாற்றம் தடைப்படுகிறது. இதைத்தான் இந்தப் பதிவில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நாமானின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். சீரியா தேசத்தின் படைத்தலைவன்; அரசனுக்கு வேண்டியவன்; பல வெற்றிகளைக் கண்டவன்; எனினும் குஷ்டரோகி. அவனுக்கு வழிகாட்டியது யார்? இஸ்ரவேலிலிருந்து கொள்ளையாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டு, அவன் மனைவிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒரு சிறுமி. அவளுடைய பெயரைக்கூட வேதம் நமக்குச் சொல்லவில்லை. தன்னைச் சிறைப்படுத்திய வீட்டின் எஜமானன் சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போனால் நலமடைவானே என்று அவள் இரங்கிச் சொன்ன ஒரு சொல்லே அத்தனைக்கும் தொடக்கம். அதோடு முடியவில்லை. எலிசா நேரில் வந்து எதிர்கொள்ளாமல், யோர்தானில் ஏழு முறை முழுகு என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியபோது, தன் தேசத்து நதிகள் இதைவிட மேலானவை அல்லவா என்று உக்கிரம் கொண்டு திரும்பிய நாமானைத் தடுத்து நிறுத்தி, கடினமான காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, எளியதைச் செய்வதற்கென்ன என்று பணிவோடு எடுத்துரைத்தவர்களும் அவனுடைய ஊழியக்காரர்களே. எலிசா பெரிய தீர்க்கதரிசி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரிடம் போகச் சொன்னவளும், அவர் சொன்னதைச் செய்யச் சொன்னவர்களும் அடிமைகளாக இருந்தார்கள் என்பதையும், அந்தச் சேனாதிபதி இரண்டு முறையும் அவர்களுக்குச் செவிசாய்த்தான் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறான காட்சி பெத்தேலில் நடந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், இஸ்ரவேலின் வடநாடு செழித்திருந்த காலத்தில், தெற்கே தெக்கோவா என்னும் ஊரிலிருந்து ஆமோஸ் வந்தார். அவர் மந்தை மேய்ப்பவர். காட்டத்திப் பழங்களைப் பக்குவப்படுத்தும் தொழிலாளி. தீர்க்கதரிசியின் குலத்தில் பிறந்தவரல்லர், அதை அவரே சொல்லிக்கொண்டார். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறீர்கள், கள்ளத் தராசால் அளக்கிறீர்கள், பண்டிகைகளையும் பலிகளையும் மட்டும் குறைவின்றி நடத்துகிறீர்கள் என்று அவர் உரைத்தபோது, பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று விசாரிக்கவில்லை. இது ராஜாவின் ஆலயம், உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்றான். சொன்னதை ஆராயாமல் சொன்னவனின் ஊரையும் தொழிலையும் ஆராயும் இந்த வழக்கம் அமத்சியாவோடு மறைந்துவிடவில்லை. நம் சபைகளிலும் சங்கங்களிலும் எவனாவது ஒருவன் ஒரு நியாயத்தை எடுத்துச் சொன்னால், இவன் யார், இவன் வீட்டு யோக்கியதை என்ன, இவனுக்கு இங்கே என்ன பாத்தியதை என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி அமத்சியாவினுடையது.

தாவீது அரசனை நாம் சங்கீதக்காரனாகவும் வீரனாகவும் போற்றுகிறோம். பெரும் பாவங்களைச் செய்த அவன் எதனால் கடவுளுக்கு உகந்தவனாய் விளங்கினான் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கேட்கத் தெரிந்தவனாக இருந்தான் என்பதே எனக்குக் கிடைத்த விடை. நாபாலின் அவமரியாதைக்குப் பழிவாங்க நானூறு பேரோடு அவன் வாளெடுத்துப் புறப்பட்ட நாளில் வழியிலே குறுக்கிட்டு, வீணாக இரத்தம் சிந்தாதேயும் என்று மன்றாடிய நாபாலின் மனைவி அபிகாயிலை, இன்று உன்னை அனுப்பியவர் கடவுள் என்று வாழ்த்தி அவன் திரும்பினான். உரியாவின் மனைவியை அபகரித்து உரியாவையும் கொல்வித்தபின், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையோடு வந்த நாத்தானிடம் தன் பாவத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டான். கடைசியாக, மகன் அப்சலோமுக்கு அஞ்சி எருசலேமைவிட்டு ஓடும் வேளையில், சவுலின் வம்சத்தானாகிய சீமேயி கல்லெறிந்து தூஷித்துக்கொண்டே வந்தபோது, அவன் தலையைச் சீவிவிடட்டுமா என்று கேட்ட அபிசாயைத் தடுத்து, அவன் தூஷிக்கட்டும், ஒருவேளை கர்த்தரே அவனுக்கு அப்படிச் சொல்லியிருப்பார் என்றான். ஒரு பெண்ணின் சொல், ஒரு தீர்க்கதரிசியின் சொல், ஒரு பகைவனின் சாபம் ஆகிய மூன்றையும் கடவுளிடமிருந்து வரக்கூடியவையாக ஏற்ற அந்த அரசனுடைய மனம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

பகைமையில் பிறந்த சொல்லும் ஆத்மாவுக்கு மருந்தாகலாம் என்பதற்கு அகுஸ்தீன் தம் தாயின் வாழ்விலிருந்தே ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். மோனிக்கம்மாள் சிறுமியாயிருந்தபோது, பாத்திரத்தில் திராட்சரசம் எடுத்துவர அனுப்பப்படும் சமயங்களில், முதலில் உதட்டை நனைக்குமளவும், பிறகு நாளுக்கு நாள் சற்று அதிகமாகவும் பருகி, கடைசியில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும் பழக்கத்துக்கு ஆளானாராம். பெற்றோர் அறியவில்லை, கண்டிப்பு மிக்க முதிய பணிப்பெண்ணும் அறியவில்லை. உடன் செல்லும் அடிமைப் பெண் ஒருத்தி மட்டும் அறிந்திருந்தாள். ஒருநாள் இருவருக்கும் சச்சரவு மூண்டபோது அவள் சின்ன எஜமானியைக் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அச்சொல் தைத்தது. மோனிக்கா தன் குற்றத்தை உணர்ந்து அப்பழக்கத்தை அன்றே விட்டொழித்தார். அந்த அடிமைப் பெண் அவரைத் திருத்த நினைத்தவளல்லள், புண்படுத்த நினைத்தவள். ஆயினும் ஒருத்தியின் கோபத்தைக் கொண்டே கடவுள் மற்றொருத்தியின் நோயைத் தீர்த்தார் என்று அகுஸ்தீன் வியக்கிறார். அகுஸ்தீனே மிலான் நகரில் சக்கரவர்த்தியைப் புகழ்ந்துரைக்கும் பிரசங்கத்துக்காகக் கவலையோடு ஆயத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், தெருவில் குடித்துக் களித்துக் கிடந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டு, தம் வாழ்க்கை முழுவதும் எதைத் தேடி அலைகிறது என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பிச்சைக்காரன் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்கத் தயாராயிருந்த உள்ளத்துக்கு அவனைக் கண்டதே போதுமாயிருந்தது.

துறவற வாழ்வின் தந்தையர் இதை நன்கறிந்து, வெறும் புண்ணிய உபதேசமாக விட்டுவிடாமல் ஒழுங்குமுறையாகவே அமைத்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகளுக்கென ஒழுங்குநூல் வகுத்த புனித ஆசீர்வாதப்பர், முக்கியமான காரியம் எதையும் முடிவு செய்யுமுன் மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும் என்று அதன் மூன்றாம் அத்தியாயத்தில் விதித்தார். மிகச் சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவனுக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அதற்கு அவர் கூறும் காரணம். இன்னும் ஆழமானது அறுபத்தொன்றாம் அத்தியாயம். அந்நிய மடத்திலிருந்து விருந்தாளியாக வந்து தங்கும் ஒரு துறவி, தாழ்மையோடும் அன்போடும் மடத்தின் குறை எதையாவது சுட்டிக்காட்டினால், ஆண்டவர் அவனை இதற்காகவே அனுப்பியிருக்கலாம் என்று மடாதிபதி விவேகத்தோடு ஆராய வேண்டுமாம். நேற்று வந்தவன் நமக்குப் புத்தி சொல்வதா என்று பொருமுவது உலக வழக்கம். நேற்று வந்தவனுடைய கண்ணுக்கு, நாம் பழகிப்போனதால் காணத் தவறியது தென்படக்கூடும் என்பது இந்த ஞானியின் துணிபு.

நம் காலத்துக்கு வந்தால், 1964ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியான, திருச்சபையைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு, கிறிஸ்துவின் தீர்க்கதரிசன அலுவலில் இறைமக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்று தெளிவாக அறிவித்தது. தூய ஆவியானவர் தம் வரங்களை எல்லா நிலையிலுமுள்ள விசுவாசிகளுக்கும் தாம் விரும்பியவாறு பகிர்ந்தளிக்கிறார் என்றும், அவ்வரங்களைச் சோதித்தறியும் பொறுப்பு திருச்சபைத் தலைவர்களுடையது என்றும், சோதிக்கும்போது ஆவியை அணைத்துவிடலாகாது என்றும் அது கூறுகிறது. ஞானஸ்நானம் பெற்ற எவரும் தீர்க்கதரிசனப் பணிக்குப் புறம்பானவரல்லர் என்பது இப்போது திருச்சபையின் பகிரங்கப் போதனை. மோசேயின் காலத்தில் எல்தாத், மேதாத் என்னும் இருவர் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலிருந்தே தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடைபண்ணும் என்று யோசுவா முறையிட, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளானால் எவ்வளவு நலம் என்று மோசே ஏங்கினாரல்லவா, அந்த ஏக்கத்துக்கு இப்போதனை ஒரு நிறைவு.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு உத்தம உதாரணம் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து நேர்ந்த நஷ்டங்களால் மனம் சோர்ந்திருந்த காலத்தில், அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்துத் தேற்றியவர் டிலனாய். அந்த டிலனாய் குருவானவரல்லர், உபதேசியாரும் அல்லர். டச்சுக் கம்பெனியின் படையில் வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே அரசனுடைய சேனைக்குப் பயிற்சி கொடுத்த போர்வீரர். நாமானுடைய வீட்டில் சிறைப்பட்ட சிறுமி செய்த பணியைத் திருவிதாங்கூர் அரண்மனையில் சிறைப்பட்ட ஒரு சிப்பாய் செய்தார். நீலகண்ட பிள்ளை கேட்டார். கேட்டதோடு நில்லாமல் 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பேதம் பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். சித்திரவதைகளைச் சகித்து 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் உயிர் துறந்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதே வடக்கன்குளத்தின் பிற்காலச் சரித்திரம் நம் நெஞ்சைச் சுட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுப்பப்பட்ட ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கியபடி சாதி வாரியாக மக்கள் தனித்தனியே நின்று வழிபடும்படி தடுப்பு வைக்கப்பட்டிருந்தது. அது 1910ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டபோது, மனந்திரும்புவதற்குப் பதிலாக, தனியிடம் தங்கள் உரிமை என்று வாதாடிச் சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவ்வுரிமை நிலைநாட்டப்படவில்லை. தேவசகாயம் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்ட ஊரிலேயே, அவர் எந்தப் பேதத்தை உதறினாரோ அந்தப் பேதத்துக்காகக் கிறிஸ்தவர்கள் வழக்காடினார்கள். ஆலயத்தின் பின்வரிசையிலும், கல்லறையின் மறுபுறத்திலும், தேர் வராத தெருவிலும் நின்றுகொண்டு, நாங்களும் அதே அப்பத்தை உண்பவர்களல்லவா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் குரல், தமிழ்த் திருச்சபைக்குக் கடவுள் அனுப்பிய தீர்க்கதரிசனக் குரல் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டில் தலித் மக்களின் ஆற்றலாக்கத்துக்கெனக் கொள்கையறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் இப்பாகுபாடு உண்டென்பதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் நல்ல தொடக்கம். நம் ஒவ்வொருவர் வீட்டுத் திருமணப் பேச்சிலும் அது எதிரொலிக்கும் வரை அந்தக் குரல் நம்மை விட்டு அகலாது, அகலவும் கூடாது.

சரித்திரத்தை விட்டு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பங்கில் திருவிழாவுக்கு முன் பொதுக் கூட்டம் நடந்தது. மின்விளக்கு அலங்காரத்துக்கும் மேளத்துக்கும் எவ்வளவு என்று நெடுநேரம் விவாதித்தபின், வரி பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களின் கணக்கு வாசிக்கப்பட்டது. அப்போது, தினமும் ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் தூணருகில் எழுந்து நின்றார். "சாமி, வரி குடுக்காதவங்க வீட்டுல சாவு விழுந்தா மணி அடிக்கக் கூடாதுன்னு வச்சிருக்கீங்களே, அது ஆண்டவரு சொன்னதா, நாம சொன்னதா?" என்று கேட்டார். "ஒனக்கென்ன தெரியும், ஒக்காரு பாட்டி" என்று முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் அதட்டினார். குருவானவர் அவரைக் கையமர்த்தினார், வேறெதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையின் முடிவில், இனி இப்பங்கில் எவர் இறந்தாலும் வரிக் கணக்குப் பாராமல் துக்கமணி அடிக்கப்படும் என்று அவர் அறிவித்தார். அந்த அம்மாளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பங்குப் பேரவையில் அவருக்கு இடமில்லை. ஆயினும் அன்று அந்த ஊருக்கு ஆமோஸ் அவரே என்று எனக்குத் தோன்றியது. அவருக்குச் செவிகொடுத்த அந்தக் குருவானவர் அமத்சியாவாக இராமற்போனது அந்த ஊரின் பாக்கியம்.

இப்படிப்பட்ட குரல்கள் வீட்டுக்கு வீடு எழுகின்றன. குடும்ப ஜெபத்தில், பிறர் குற்றங்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று மூத்தவர்கள் தடையின்றிச் சொல்லி முடித்ததும், "அப்பா, சித்தப்பா வீட்டுக்கு நாம ஏன் போறதில்ல?" என்று கேட்கிற குழந்தை, வரப்புத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் இரு சகோதரருக்கும் தீர்க்கதரிசி. "இன்னிக்கும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்வீங்க, ஆனா தட்டு மட்டும் தனியா வச்சிருக்கீங்களேம்மா" என்று வருத்தத்தோடு சொல்லும் வீட்டுவேலைக்காரப் பெண், தினமும் நற்கருணை வாங்கும் எஜமானியம்மாளுக்குத் தீர்க்கதரிசி. "உங்க சாமி எதிரியையும் மன்னிக்கச் சொன்னாரே, நீங்க அண்ணன் மேலயே கேஸ் போட்டிருக்கீங்க" என்று கேட்கிற இந்து நண்பரோ முஸ்லீம் நண்பரோ, நம் மதத்தாரல்லாதவராயிருந்தும், நம் வேதத்தையே நமக்கு வாசித்துக் காட்டுகிறார். அலுவலகத்தில் கைநீட்டாமல் வேலை செய்யும் கடைநிலை ஊழியர் வாயே திறப்பதில்லை. அவர் அருகில் உட்கார்ந்திருப்பதே சிலருடைய மனச்சாட்சிக்குப் போதிய பிரசங்கம்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். நம்மைக் குறைகூறுகிறவர் எல்லாரும் கடவுளின் தூதர்களா? நிச்சயமாக அல்லர். ஆகாப் அரசனுக்கு முன் நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் வெற்றி உமக்கே என்றார்கள். இம்லாவின் குமாரன் மிகாயா ஒருவர் மட்டும் அழிவைச் சொன்னார். அவன் எனக்கு நன்மையாகச் சொல்வதே இல்லை, ஆகையால் அவனைப் பகைக்கிறேன் என்று ஆகாப் முன்னமே சொல்லியிருந்தான். மிகாயாவுக்குக் கிடைத்தது கன்னத்தில் ஓர் அறையும் சிறைவாசமும். ஆகவே, அச்சொல்லால் சொன்னவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா என்பதை நாம் முதலில் பார்க்க வேண்டும். பணமும் செல்வாக்கும் நாடி இனிக்க இனிக்கப் பேசுகிறவரைவிட, பேசியதால் தனக்கு நஷ்டமே வரும் என்று தெரிந்தும் பேசுகிறவர் நம்பத்தக்கவர். அச்சொல் நம்முடைய குறிப்பிட்ட ஒரு செய்கையைத் தொடுகிறதா என்பது இரண்டாவது. உன் குலமே இப்படித்தான் என்று பொதுப்பட இகழ்வது தூஷணம். நீ எடுத்த கூலியைத் திருப்பிக் கொடு என்பது தீர்க்கதரிசனம்.

மூன்றாவதாக, அச்சொல் சுவிசேஷத்தோடு ஒத்திருக்கிறதா, எளியவரின் பக்கம் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் பக்தி வேஷத்தில் வரும் எத்தனையோ சொற்கள் அடிபட்டவரையே மேலும் அடிக்கின்றன. கணவன் கையால் அடிபட்டு வரும் பெண்ணிடம், அது உன் சிலுவை, சுமந்துகொள் என்று சொல்கிறவர் தீர்க்கதரிசியல்லர். சாதியால் ஒதுக்கப்பட்டவனிடம் பொறுமையாயிரு என்று சொல்லிவிட்டு ஒதுக்கியவனிடம் ஒன்றும் சொல்லாதவரும் அல்லர். நான்காவதாக, மெய்யான குரல் நம்மைச் சுதந்தரராக விட்டுவிடும். என் பேச்சைக் கேளாவிட்டால் சாபம் வரும் என்று அச்சுறுத்தித் தன் காலடியில் நம்மைக் கட்டி வைப்பவனை விட்டு விலகுவதே விவேகம். நாத்தான் தாவீதைத் தன் சீடனாக்கிக் கொள்ளவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தச் சோதனைகளோடு நம் கோபத்தையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கண்டனமும் நம்மைக் கோபப்படுத்துவதில்லை. முற்றிலும் பொய்யான குற்றச்சாட்டைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவும் நம்மால் முடிகிறது. ஆனால் சில சொற்கள் இரவு படுத்தபின்னும் நம்மை விடுவதில்லை. அவற்றைச் சொன்னவரின் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி நாம் சமாதானம் தேடுகிறோம். உடம்பில் வீங்கிய இடத்தில் விரல் பட்டால்தான் வலிக்கும். மற்ற இடத்தில் பட்டால் தொட்டது தெரியுமே தவிர வலி இராது. வலி ஒன்றே நோய்க்கு அத்தாட்சி என்று நான் சொல்லவில்லை. வலிக்கிற இடத்தை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அச்சொல்லை ஜெபத்தில் வைத்து, விவேகமுள்ள ஒரு குருவிடமோ நண்பரிடமோ சொல்லி, அதில் மெய் எவ்வளவு என்று நிதானித்துக்கொள்ள வேண்டும்.

மெய் என்று தெரிந்தபின் செய்யவேண்டியது என்ன? யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் வந்த ஜனங்கள் அழுது புலம்புவதோடு நின்றுவிடவில்லை; நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அவர் அளித்த விடைகளை லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கும்போதெல்லாம் அவற்றின் எளிமை என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். ஆயக்காரன் விதித்ததற்கு மேல் வசூலிக்க வேண்டாம். போர்ச்சேவகன் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் தன் சம்பளம் போதுமென்றிருக்கட்டும். உத்தியோகத்தை விடு என்று எவருக்கும் அவர் சொல்லவில்லை. வனாந்தரத்துக்கு வா என்றும் அழைக்கவில்லை. உள்ளத்தின் மனமாற்றம் என்பது கண்ணீரில் தொடங்கலாம். கணக்குப் புத்தகத்திலும், அண்ணன் வீட்டு வாசலிலும், சமையலறைத் தட்டிலும் அது வெளிப்படாவிட்டால் அது இன்னும் உள்ளத்தை எட்டவில்லை. தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பதும் சிலுவைப்பாதை செய்வதும் இந்தச் சொல்லைக் கேட்பதற்கான ஆயத்தமே. ஆயத்தத்தை முடித்துவிட்டுக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறவன், சாட்டை முனையில் அடிபட்ட கிறிஸ்துவின் படத்தின் முன் அழுதவனாயினும், தன்னால் அடிபட்டவனைக் காணாதவனே.

நாமும் சில வேளைகளில் பிறருக்குச் சொல்லவேண்டியவர்களாகிறோம். அப்போது நாத்தானுடைய முறையை நினைவில் கொள்வோம். அவர் சபை நடுவே அரசனை அவமானப்படுத்தவில்லை. கதை சொல்லி, அரசனுடைய நீதியுணர்ச்சியையே எழுப்பி, தீர்ப்பை அவன் வாயாலேயே வரவழைத்தபின்தான் அந்த மனுஷன் யார் என்று சுட்டினார். தன்னைத் தீர்க்கதரிசி என்று எண்ணிக்கொண்டு எல்லாரையும் கண்டித்துத் திரிகிறவன், கேட்கும் பழக்கத்தை முதலில் இழக்கிறான். நம் சொல்லில் பிறர்மேல் இரக்கம் இருக்கிறதா, நாம் சொல்லும் நியாயத்தின் கீழ் நம்மையும் நிறுத்திக்கொள்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை. சிறைப்பட்ட அந்தச் சிறுமி தன் எஜமானனைப் பழிக்க எத்தனையோ காரணமிருந்தும், அவன் சுகப்பட வேண்டும் என்ற ஆசையினால் பேசினாள். அந்த ஆசை இல்லாத கண்டனத்தைக் கடவுள் பயன்படுத்தக்கூடும், ஆனால் அதைச் சொன்னவனுக்கு அதில் புண்ணியமில்லை.

ஆகவே, அன்பர்களே, உங்களை இரண்டு காரியங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, இன்று நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்பதோடு, இன்று என்னிடம் சொல்லப்பட்ட எந்தச் சொல்லைச் சொன்னவரின் நிலையைப் பார்த்து நான் தள்ளிவிட்டேன் என்றும் கேளுங்கள். மறுநாள் அவரிடம் போய், நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்து, உங்கள் பங்கில் கூட்டம் கூடும்போது, வழக்கமாகப் பேசுகிறவர்கள் பேசி முடித்ததும் தீர்மானத்தை எழுதிவிடாமல், கடைசி வரிசையில் இருப்பவர்களிடமும் இளைஞர்களிடமும் வாசலில் நிற்கும் பெண்களிடமும் அவர்கள் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டமோ பொருட்செலவோ வேண்டியதில்லை. கூட்டங்களில் வாக்குத்தத்தங்களைக் கேட்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது நம் வீட்டாரும் வேலைக்காரரும் அயலாரும் நம்மைப்பற்றிச் சொல்வதைக் கேட்கச் செலவிட்டால், நம் திருச்சபை மனந்திரும்பிய திருச்சபையாகும்.